முதலில் கேட்டது கடைசிக் கச்சேரி

அந்தமானில், போர்ட் பிளேரின் ஃபீனிக்ஸ் பே துறையில் கப்பல் அறிவிப்புச் சொல்வது என் வேலை. எந்தக் கப்பல் எத்தனை மணிக்கு, நிக்கோபார் போகிறவர்கள் எந்தப் பக்கம் வரிசையில் நிற்க வேண்டும், கடல் சரியில்லாததால் இன்று எது ரத்து. முதலில் ஹிந்தியில் சொல்வேன், பிறகு ஆங்கிலத்தில். கூட்டத்தில் நம் ஆட்கள் அதிகமாகத் தென்பட்டால் தமிழிலும் சொல்வேன். பதினைந்து வருடமாக இதுதான். வாரத்துக்கு ஒருவராவது கண்ணாடித் தடுப்புக்கு அப்பால் குனிந்து, "மேடம், ஆப்கா ஆவாஸ் பஹுத் அச்சா ஹை" என்று குரலைப் பாராட்டிவிட்டுப் போகிறார். நான் பல்லைக் கடித்துக்கொண்டு தலையை ஆட்டி வைக்கிறேன். கப்பல் ரத்து என்று சொல்ல நல்ல குரல் எதற்கு?

என் வாழ்க்கையைக் கெடுத்தவர்கள் என்று மனதுக்குள் ஒரு பட்டியல் வைத்திருந்தேன். நீளமான பட்டியல் இல்லை, இரண்டே பேர். ஒருவர், இங்கிலாந்தின் பெரிய ஆபரா பாடகி. ஆபரா என்றால் வசனமே பேசாமல் பாடியே நடிக்கிற மேடை நாடகம். அதில் பெண் குரல்களிலேயே உச்சத்தில் பாடுகிற குரலை சோப்ரானோ என்பார்கள். அந்த அம்மையார் நாற்பது வருடத்துக்கு மேல் அப்படிப் பாடி, அரண்மனையில் பட்டம் வாங்கி, அரங்கமே எழுந்து நின்று கைதட்ட விடைபெற்றவர். நான் ஒருத்தி இருப்பதே அவருக்குத் தெரியாது. பட்டியலில் இரண்டாவது ஆள் என் கூடப்பிறந்த அண்ணன்.

எங்கள் அப்பாவும் அம்மாவும் இலங்கையில் தேயிலைத் தோட்டத்தில் இருந்தவர்கள். அங்கிருந்து கப்பலேற்றி அனுப்பப்பட்டு, நிக்கோபாரில் கச்சால் தீவு ரப்பர் தோட்டத்தில் கொண்டுவந்து விடப்பட்டவர்கள். நானும் அண்ணனும் கச்சாலில்தான் பிறந்தோம். அப்பா இறந்த பிறகு அம்மா எங்கள் இருவரையும் இழுத்துக்கொண்டு போர்ட் பிளேர் வந்து சேர்ந்தாள். டாலிகஞ்சில் தகரக் கூரை வீடு. அம்மாவுக்குக் கன்னியாஸ்திரிகள் நடத்திய பள்ளி ஒன்றில் சமையல் வேலை கிடைத்தது, அதனால் எனக்கு அங்கே படிக்க இடமும் கிடைத்தது. அண்ணன் பத்தாவதோடு படிப்பை நிறுத்திவிட்டு, மெயின்லேண்ட் என்று நாங்கள் சொல்கிற இந்தியக் கரைக்குப் போய் வரும் பயணிகள் கப்பலில் சமையலறை வேலைக்குச் சேர்ந்தான்.

தீவில் வளர்ந்தவர்களுக்கு ஒரு விஷயம் சொல்லாமலே புரியும். எங்களுக்கு எல்லாமே பழசாகித்தான் வரும். முட்டைக்கோசு வரும்போது மேல் இலை நான்கைப் பிய்த்துப் போட வேண்டும். வாரப் பத்திரிகை வரும்போது அதில் போட்ட கல்யாணத்துக்கு விவாகரத்தே ஆகியிருக்கும். மெயின்லேண்டில் தியேட்டரை விட்டு எடுத்த படத்துக்கு இங்கே போஸ்டர் ஒட்டுவார்கள். இன்டர்நெட் என்று ஒன்று இருந்தது. ஒரு பாட்டை இறக்க ஆரம்பித்துவிட்டு சமைத்து, துணி துவைத்து, குளித்துவிட்டு வந்தாலும் அது பாதிகூட வந்திருக்காது, அதற்குள் கரண்ட் போய்விடும்.

அதனால் மெயின்லேண்ட் போகிற யாரானாலும் கிளம்பும் முன் தெரிந்த வீடுகளில் ஒரு வார்த்தை கேட்பார்கள்: "அங்கருந்து ஏதாச்சும் வேணுமா?" மருந்து, பட்டுப்புடவை, மிக்ஸிக்கு ஜார், எதுவும் சொல்லலாம். பிறகு பென்டிரைவ் வந்த காலத்தில், ஆளுக்கு ஒரு பென்டிரைவைக் கையில் கொடுத்துப் படமும் பாட்டும் ஏற்றிவரச் சொல்வது வழக்கமானது. என் அண்ணன் மாதம் ஒரு முறையாவது போய்வருகிறவன் என்பதால் அவன் சட்டைப் பையில் எப்போதும் ஐந்தாறு பென்டிரைவ் கிடக்கும், எது யாருடையது என்று நூல் கட்டி அடையாளம் வைத்திருப்பான். அவனுக்கு அதில் ஒரு பெருமை உண்டு. அவன் கொண்டுவருவது எப்போதும் புத்தம் புதுசாக இருக்க வேண்டும். "நம்ம ஆளுங்க என்னா குப்பைத் தொட்டியா, ஊர்ல எல்லாம் பாத்து முடிச்சதப் பாக்குறதுக்கு?" என்பான். தெருவில் அவனுக்குப் பெயரே லேட்டஸ்ட்.

நான் பள்ளியின் சிற்றாலயக் குழுவில் பாடினேன். நாங்கள் மாரியம்மனைக் கும்பிடுகிறவர்கள், ஆனாலும் பாட்டுக்கு என்ன வந்தது. பள்ளி முடித்து, கல்லூரி முடித்து, வேலைக்கு மனுப் போட்டுக்கொண்டிருந்த வருடத்திலும் ஞாயிற்றுக்கிழமைகளில் போய்ப் பாடிக்கொண்டிருந்தேன். கீபோர்டு வாசிக்கும் சிஸ்டர் ஒருநாள் என்னை நிறுத்தி, ஒவ்வொரு கட்டையாக மேலே அழுத்திக்கொண்டே போனார். நானும் கூடவே போனேன். கட்டைகள் தீரும் பக்கம் வந்ததும் அவர் கையை எடுத்துவிட்டார்.

"உனக்கு எங்கயும் கஷ்டமா இல்லையா?" என்றார்.

"இல்ல சிஸ்டர்."

"இது சோப்ரானோ. எனக்குக் கோயில்ல பாடுற ஹிம்ஸ் மட்டும்தான் தெரியும், இதுக்கு மேல சொல்லிக் குடுக்கத் தெரியாது" என்றார். அவர் ஒளிவுமறைவு இல்லாதவர், தெரியாததைத் தெரியாது என்பார். சென்னையில் மேற்கத்திய இசைப் பயிற்சி தரும் ஓர் இடம் இருப்பதாகவும், வருடத்துக்கு இரண்டு பெண்களை எடுத்து, தங்க இடமும் சாப்பாடும் கொடுத்து மூன்று வருடம் இலவசமாகச் சொல்லித்தருவதாகவும் அவர்தான் விசாரித்துச் சொன்னார். தேர்வில் ஆபரா பாட்டு ஒன்று பாடிக் காட்ட வேண்டும். அதோடு ஒரு பழைய பத்திரிகையையும் கொடுத்தார். அதில் அந்த ஆங்கிலேய அம்மையாரைப் பற்றி அரைப் பக்கம் இருந்தது, நீல நிற கவுனில் இரண்டு கையையும் விரித்து நிற்கும் ஒரு படமும் இருந்தது. உலகத்தின் தலைசிறந்த சோப்ரானோக்களில் ஒருவர், இத்தனை நாடுகளில் பாடினார், ராணியாக நடித்தார், விதவையாக நடித்தார், பட்டம் பெற்றார், விடைபெற்றார். "இவங்க பாட்டைக் கேட்டுப் பழகு" என்றார் சிஸ்டர்.

பெயரை ஒரு தாளில் எழுதி அண்ணனிடம் கொடுத்தேன். அவன் அதை மடித்துப் பர்ஸில் வைத்தான். அவன் வாழ்நாளில் ஆபரா என்ற சொல்லையே கேட்டதில்லை, ஆனாலும் எதற்கு என்று ஒரு கேள்வி கேட்கவில்லை. அடுத்த நடையில் சென்னைத் துறையில் கப்பல் நின்ற ஒரே ஓய்வு நாளில், மற்றவர்கள் கடற்கரை, சினிமா என்று போக, இவன் பிரவுசிங் சென்டரில் காலையிலிருந்து சாயங்காலம் வரை உட்கார்ந்திருக்கிறான். வந்தவுடன் சிவப்பு நூல் கட்டிய பென்டிரைவை என் கையில் வைத்தான்.

"நெறைய கெடந்துச்சு பாப்பா. அந்தம்மா சின்ன வயசுல பாடுனது, நடு வயசுல பாடுனது, ஒரே குப்பை. எல்லாம் கறுப்பு வெள்ளை, கர்ருனு எரைச்சல். இதுல எடமும் இல்ல, எல்லாத்தையும் ஏத்த ஏலாது. அதான் கடைசிக் கச்சேரிய மட்டும் முழுசா எடுத்தாந்துட்டேன். கலர். சத்தம் ஏக்தம் க்ளியர். இதுக்கு மேல லேட்டஸ்ட் கெடையாது, அதோட அந்தம்மா பாடுறதயே நிறுத்திட்டாங்க."

எனக்கும் அது சரியென்றே பட்டது. இதை நான் ஒளிக்கக்கூடாது. பழசு எதற்கு என்றுதான் நானும் நினைத்தேன். வாடிய முட்டைக்கோசு தின்று வளர்ந்தவளுக்கு வேறென்ன தோன்றும்? ஒருவர் நாற்பது வருடம் ஒரு தொழிலைச் செய்தால் கடைசி நாளில்தானே உச்சத்தில் இருப்பார் என்று நம்பினேன்.

எங்கள் வீட்டு டிவிடி ப்ளேயரில் பென்டிரைவ் செருகும் வசதி இருந்தது. அதில் அந்தக் கச்சேரியை எட்டு மாதம் பார்த்தேன். அம்மையார் பெரிய பியானோ பக்கத்தில் வந்து நிற்பார். இடது கையைப் பியானோவின் விளிம்பில் வைத்துக்கொள்வார். பாட ஆரம்பித்ததும் குரல் ஒவ்வொரு நீண்ட ஸ்வரத்திலும் மெதுவாக, அகலமாக அசையும். மேலே போகும்போது நேராகப் போய் நிற்காது, கீழிருந்து வழுக்கிக்கொண்டு ஏறும். ஒரு வரியின் நடுவில் இரண்டு இடத்தில் மூச்சு வாங்குவார், சில சொற்களைப் பாடாமல் பேசுவதுபோல விட்டுவிடுவார். கடைசிப் பாட்டு முடிந்ததும் ஜனங்கள் அழுதார்கள். நானும் அழுதேன். அந்தப் பாட்டைத்தான் தேர்வுக்கு எடுத்துக்கொண்டேன்.

இத்தாலியச் சொற்களைக் காதால் கேட்டுத் தமிழ் எழுத்தில் நோட்டில் எழுதினேன். எங்கே மூச்சு என்று சிவப்பு மையில் குறித்தேன். மழை பெய்யும் நேரமாகப் பார்த்துப் பயிற்சி செய்தேன், தகரக் கூரைச் சத்தத்தில் அக்கம்பக்கத்துக்குக் கேட்காது. எங்கள் ஊரில் மழைக்கா பஞ்சம். முதலில் என் குரல் எனக்கே எரிச்சலாக இருந்தது. நேராகப் போய் நேராக நின்றது, ஆடவே இல்லை. மூச்சும் வரி முடியும்வரை தாங்கியது. அது எனக்குக் குறையாகத் தெரிந்தது, படிப்பில்லாத குரல், காட்டுக் குரல் என்று நினைத்தேன். வயிற்றைப் பிடித்து, தாடையைத் தளர்த்தி, குரலை அசைக்கக் கற்றேன். மூச்சு மிச்சமிருக்கும்போதே சிவப்புக் குறி வந்த இடத்தில் நிறுத்தி வாங்கக் கற்றேன். சாப்பாட்டு மேசையின் விளிம்பில் இடது கையை வைத்துக்கொண்டு நின்றேன். எட்டாம் மாதம் சிஸ்டர் கேட்டுவிட்டு, "அப்படியே அவங்கள மாதிரியே இருக்கு" என்றார். நல்ல எண்ணத்தில்தான் சொன்னார். அண்ணன் மட்டும் ஒருநாள் சட்டையைக் கழற்றிக்கொண்டே, "முன்ன பாடுறப்ப இன்னும் நல்லாருந்துச்சு" என்றான். உனக்கு என்ன தெரியும், வெங்காயம் உரிக்கிறவன் என்று வாயில் வந்ததைச் சொல்லிவிட்டேன். அவன் சிரித்துக்கொண்டு குளிக்கப் போனான்.

தேர்வுக்கு அவன் கப்பலிலேயே போனேன். மூன்று நாள். சமையலறையிலிருந்து ரசத்தையும் அப்பளத்தையும் எடுத்துவந்து பங்க் படுக்கையில் கிடந்த எனக்கு ஊட்டாத குறையாகக் கொடுத்தான். சென்னையில் அந்தக் கட்டடத்தின் வாசல்வரை வந்து, வெயிலில் வெளியே நின்றான்.

உள்ளே ஒரு பியானோவும் மூன்று தேர்வாளர்களும். நடுவில் இருந்தவர் வயதான அம்மா, நல்ல தமிழ் பேசினார். நான் போய் இடது கையைப் பியானோ விளிம்பில் வைத்துக்கொண்டு பாடினேன். எட்டு மாத உழைப்பில் ஒன்றையும் விடவில்லை. பாடி முடித்தேன். ஓரத்தில் இருந்த இருவரும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள்.

"இடுப்புல ஏதாவது வலியாம்மா?" என்றார் நடுவில் இருந்தவர்.

"இல்லைங்க மேடம்."

"அப்புறம் ஏன் பியானோவைப் பிடிச்சுக்கிட்டு நிக்கற?"

நான் சட்டென்று கையை எடுத்தேன். யாரிடம் கற்றாய் என்றார். யாரிடமும் இல்லை, கேட்டுக் கற்றேன் என்று அம்மையாரின் பெயரைச் சொன்னேன். "அவங்களோட எந்தக் காலத்து ரெக்கார்டிங்?" என்று கேட்டார். கடைசிக் கச்சேரி என்றேன், கொஞ்சம் பெருமையாகவே சொன்னேன் என்று நினைவு.

அவர் கண்ணாடியைக் கழற்றினார். "அப்போ அவங்களுக்குக் கிட்டத்தட்ட எழுபது வயசும்மா. இடுப்புல ஆபரேஷன் ஆகி, நிக்க முடியாம பியானோவைப் பிடிச்சுக்கிட்டு நின்னாங்க. குரல் தளர்ந்து போய் ஆடிச்சு. மூச்சு பத்தாம நடுவுல நிறுத்தினாங்க. பாட்டையே ஒரு சுருதி கீழ இறக்கிப் பாடினாங்க. ஜனங்க கைதட்டினது அதுக்கு முன்னால நாப்பது வருஷம் பாடினதுக்கு. உனக்கு என்ன வயசு?"

"இருபத்திரண்டு."

"இருபத்திரண்டு வயசுல எழுபது வயசு மாதிரி பாடறியே" என்றார். ஓரத்தில் இருந்தவர்களில் ஒருவர் சிரித்துவிட்டார், பிறகு இருமுவதுபோலச் செய்தார். "குரல் இருக்கு உள்ள. இந்தப் பழக்கத்தை எல்லாம் கழுவிட்டு அடுத்த வருஷம் வா. அவங்க உன் வயசுல பாடினதைத் தேடிக் கேளு" என்றார் அந்த அம்மா.

அடுத்த வருஷம் வா என்பது மெயின்லேண்ட்காரர்கள் போ என்பதைச் சொல்லும் விதம் என்று எடுத்துக்கொண்டேன். சிரித்தவரின் இருமல்தான் காதில் இருந்தது. வெளியே வந்தேன். அண்ணன் வியர்வையில் நனைந்து, கையில் இரண்டு இளநீரோடு நின்றான்.

"என்னா சொன்னாங்க?"

"எடம் இல்லையாம்."

உண்மையைச் சொல்லியிருக்கலாம். சொல்ல வாய் வரவில்லை. சொன்னால் அவனை ஏதாவது கேவலமாகப் பேசிவிடுவேன் என்று பயம் ஒரு பக்கம். இன்னொரு பக்கம், நானே என்னைக் கெடுத்துக்கொண்டேன் என்று நடுரோட்டில் நின்று ஒப்புக்கொள்ள வேண்டுமே என்ற வீம்பு. அவன் இளநீரை என் கையில் கொடுத்துவிட்டு, "நமக்கு எங்க தான் எடம் குடுத்தானுங்க. சிலோன்லயும் இல்ல, இங்கயும் இல்ல. விடு பாப்பா" என்றான். அன்றிலிருந்து அதுவே அவனுடைய கதையாகிவிட்டது. டீக்கடையில், கப்பலில், கல்யாண வீட்டில், எங்கே பாட்டுப் பேச்சு வந்தாலும், "என் தங்கச்சி இங்கிலீஷ்காரி மாதிரியே பாடுவா. தீவுக்காரி, தோட்டத்து ஆளுன்னு தெரிஞ்சதும் வேணும்னே எடம் குடுக்கல. பாட்டு எல்லாம் நான்தான் எடுத்தாந்து குடுத்தேன்" என்று சொல்வான். அவன் அந்தக் கடைசி வாக்கியத்தைச் சொல்லும்போதெல்லாம் எனக்குப் பற்றிக்கொண்டு வரும்.

திரும்பி வந்த பிறகு நான் பாடவில்லை. பழைய குரலைத் தேடிப் பார்த்தேன், தொண்டை தானாகவே ஆடியது. சிற்றாலயத்துக்குப் போவதை நிறுத்தினேன். சிஸ்டர் மாற்றலாகிப் போனார். துறையில் வேலை கிடைத்தது, கல்யாணம் நடந்தது, மரைன் ஹில்லில் வாடகை வீடு பார்த்தோம். அண்ணனிடம் அளந்து பேச ஆரம்பித்தேன். கேட்டால் பதில், அதற்கு மேல் இல்லை. புருஷன் வீட்டுக் கவலை போலிருக்கிறது என்று அம்மாவிடம் சொல்லியிருக்கிறான். அவனுக்கு எதுவுமே புரியாதது எனக்கு இன்னும் கோபத்தைத்தான் கிளப்பியது. பதினாறு வருடம் ஒருவன்மேல் கோபமாக இருந்து, அது அவனுக்குத் தெரியாமலே இருக்கும் கேவலம் வேறு யாருக்கும் வரக்கூடாது.

பிறகு கடலுக்கு அடியில் கேபிள் வந்தது. எங்கள் ஊரிலும் இன்டர்நெட் ஓட ஆரம்பித்தது. சில வருடம் அந்தப் பெயரைத் தேடாமலே இருந்தேன், பிடிவாதமாக. போன வருடம், மழைக்காலத்தில் கப்பல்கள் ரத்தாகி எனக்கு வேலையில்லாமல் போன ஒரு வாரத்தில், ஒரு மத்தியானம் போனில் பெயரை எழுதினேன். எல்லாம் இருந்தது. அம்மையாரின் முழுத் தொழில் வாழ்க்கையும் ஒரு விரல் அளவு திரையில் கிடந்தது.

வயது குறையக் குறையப் பார்த்துக்கொண்டே போனேன். அறுபதில் கிழட்டு ராணி வேடம், குரலில் லேசான நடுக்கம். ஐம்பதில் விதவை வேடம், அரண்மனைப் பட்டம், பேட்டிகள். நாற்பதில் பெரிய பெரிய அரங்குகள், அதில் குரல் கல்லில் வெட்டியதுபோல நின்றது. முப்பதில் ஒன்றுமே இல்லை. ஏன் என்று ஒரு பேட்டியில் அவரே சொல்கிறார். இருபதுகளின் கடைசியில் ஓர் ஆசிரியர் அவருக்குப் பொருந்தாத குரலில் பழக்கிவிட்டாராம், தொண்டை கெட்டுப்போய் மேடையை விட்டு இறங்க வேண்டி வந்ததாம். இரண்டு வருடம் யாருக்கும் பாடாமல், ஒரு கடையில் கணக்கெழுதிப் பிழைத்துக்கொண்டு, வேறொரு ஆசிரியையிடம் ஒற்றை ஸ்வரத்தில் இருந்து எல்லாவற்றையும் திரும்பக் கற்றிருக்கிறார். அதைச் சிரித்துக்கொண்டே சொல்கிறார். அந்தச் சிரிப்பைப் பார்த்ததும் போனைக் கவிழ்த்து வைத்துவிட்டேன். இரண்டு வருடம் செலவழித்தால் திருத்திக்கொள்ளக் கூடிய விஷயத்துக்கா நான் பதினாறு வருடம் எரிந்தேன்?

கடைசியில்தான் முதல் பாட்டு வந்தது. அவருக்கு இருபத்துநான்கு வயது. வேலைக்காரி வேடத்தில் நான்கு வரி பாடிக்கொண்டிருந்த காலம், யாரோ இரக்கப்பட்டு டிவியில் ஒரு பாட்டுப் பாட விட்டிருக்கிறார்கள். கறுப்பு வெள்ளை. கர்ரென்ற இரைச்சல். அதே பாட்டு. விடைபெறும்போது பாடியதும் அதுதான், தொடங்கும்போது பாடியதும் அதுதான். கைகள் இரண்டும் பக்கவாட்டில் சும்மா தொங்கின. குரல் நேராகப் போய் நேராக நின்றது, ஆடவே இல்லை. வரி முடியும்வரை மூச்சு தாங்கியது.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை அடுப்படியில் அதைத்தான் போட்டுக் கேட்டுக்கொண்டிருந்தேன். அண்ணன் இப்போது கப்பல் வேலையை விட்டுவிட்டான். சர்க்கரை வியாதியில் ஒரு கால் சரியில்லை, டாலிகஞ்சில் சின்னக் கடை போட்டிருக்கிறான். ஞாயிறு தோறும் மீன் வாங்கிக்கொண்டு வந்து கொடுத்துவிட்டுப் போவான். அன்றும் பையோடு வந்தவன் வாசலிலேயே நின்றுவிட்டான். முகம் மலர்ந்துவிட்டது.

"ஏய், இது நீ பாடுனதுதானே? இத எப்படி வச்சிருக்க இவ்ளோ நாளா?"

"நான் இல்ல."

"எங்கிட்டயா? எனக்குத் தெரியாதா உன் கொரலு? அந்த ஸ்கூல் கோயில்ல இப்படித்தானே பாடுவ, வெளிய நின்னு கேட்டிருக்கேன். அப்புறம்தான் என்னமோ கெழவி மாதிரி இழுத்து இழுத்து மாத்திக்கிட்ட." பையைக் கீழே வைத்தான். "ஏன் மாத்துன பாப்பா? நான் அப்பவே சொன்னேன்ல?"

பதினாறு வருடமாகச் சேர்த்து வைத்திருந்தது வாய்க்கு வந்தது. ஒன்றையும் மிச்சம் வைக்கவில்லை. "இது அந்தம்மா. அவங்க சின்ன வயசுல பாடுனது. நீ குப்பைன்னு விட்டுட்டு வந்தியே, அது. நீ கொண்டாந்த லேட்டஸ்ட்ட கேட்டுத்தான் நான் கெழவி மாதிரி பாடுனேன். அங்க அத வச்சுத்தான் சிரிச்சாங்க. தோட்டத்து ஆளுன்னு இல்ல, ஒண்ணும் இல்ல. உன்னாலதான்." அடுத்த வருடம் வா என்று அந்த அம்மா சொன்னதையும், இந்த வயதுப் பாட்டைத் தேடிக் கேள் என்று சொன்னதையும்கூடச் சொல்லிவிட்டேன். கோபத்தில் எதைச் சொல்லக்கூடாது என்று தெரியாமல் போனது.

அவன் ஸ்டூலை இழுத்து உட்கார்ந்தான். கெட்ட காலை நீட்டிக்கொண்டான். திட்டுவான், அல்லது அழுவான் என்று நினைத்தேன். இரண்டும் இல்லை. பாட்டு முடியும்வரை தரையைப் பார்த்துக்கொண்டு கேட்டான்.

"அன்னிக்கே சொல்லியிருக்கலாமே பாப்பா" என்றான். "இது அங்கதானே கெடந்துச்சு, அதே கம்ப்யூட்டர்ல. அடுத்த நடையிலயே எடுத்தாந்திருப்பேனே."

அவன் எழுந்து, மீன் கெட்டுவிடும் என்று சொல்லிவிட்டு, காலை இழுத்துக்கொண்டு படியிறங்கினான்.

தேர்வு முடிந்து நாங்கள் திரும்பி வந்த பிறகு அவன் கப்பல் எத்தனையோ முறை மெயின்லேண்ட் போய்வந்தது. அடுத்த தேர்வுக்கு முந்தைய அந்த ஒரு வருடத்திலும் மாதம் தவறாமல் போனான். ஒவ்வொரு முறையும் கிளம்பும் முன், பையைத் தோளில் மாட்டிக்கொண்டு வாசலில் நின்று, "அங்கருந்து ஏதாச்சும் வேணுமா பாப்பா?" என்று கேட்டான். கச்சேரியை அழித்துவிட்டு நான் திருப்பிக் கொடுத்த சிவப்பு நூல் கட்டிய பென்டிரைவ் அவன் சட்டைப் பையில் காலியாகவே இருந்தது. ஒவ்வொரு முறையும் முகத்தைக்கூடப் பார்க்காமல், "ஒண்ணும் வேணாம்" என்றுதான் சொன்னேன்.